போர்க்காலத்து எஞ்சியோ வைத்தியம்: எது கைகொடுத்தது, எது கைவிட்டது

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் யுத்தகாலத்து வைத்தியம் என்று பேச்செடுத்தால் நகரத்துப் பெரியாஸ்பத்திரி, ஐ.சி.ஆர்.சி., எஞ்சியோ (அரசசார்பற்ற அமைப்பு) கிளினிக் மூன்றும் ஒரே வாயில் வந்துவிடும். மூன்றும் வேறு வேறு. பெரியாஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது, யுத்தம் முடியும்வரை பாரத்தின் பெரும்பங்கைச் சுமந்ததும் அதுதான். ஐ.சி.ஆர்.சி. எனப்படும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1989 முதல் இலங்கையில் நிலைகொண்டு, அரசாங்கம், விடுதலைப் புலிகள் என்ற இரு தரப்போடும் பேசியது. இவை தவிர, 1986 இலேயே நாட்டுக்கு வந்த எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற மருத்துவ அமைப்புகளும், கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பதிந்து இயங்கிய உள்ளூர் அமைப்புகளும் இருந்தன. இங்கே எடைபோடுவது அரசாங்கத்துக்கு வெளியே இருந்து வந்த அந்தச் சேவையை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நோயாளியை வாவி கடத்தி நகரம் இருக்கும் கரையில் கொண்டுவந்து சேர்த்த சேவைக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. நடமாடும் கிளினிக் அதை நடத்தியவரைப் பொறுத்து நல்லதாகவும் மோசமாகவும் இருந்தது. போகும்போது விட்டுப்போனவை பெரும்பாலும் பயன்படவில்லை.

வழியிலிருந்து தொடங்குவோம். மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. கிழக்கே எழுவான்கரையில் நகரம், பிரதான வீதி, சத்திரசிகிச்சைக்கூடம், இரத்த வங்கி. மேற்கே படுவான்கரையில் வயலும் குளமும் சிறிய கிராமிய வைத்தியசாலைகளும். மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014 இல்தான். அதுவரை மண்முனைத் துறையிலும் குருமண்வெளி – மண்டூர்த் துறையிலும் 'பாதை' எனப்படும் மிதவைப் படகை நம்பித்தான் கொக்கட்டிச்சோலையும் மண்டூரும் இருந்தன. வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம் இருந்தது, ஆனால் அங்கே சோதனைச் சாவடி இருந்தது. பொழுதுபட்டால் துறையும் இல்லை, சாவடியும் திறவாது. பிள்ளை பிறந்தபின் வரும் கடும் இரத்தப்பெருக்கு, கவனிக்காவிட்டால் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் தாயின் உயிரைக் கொண்டுபோய்விடும். அந்தத் தாய்க்கு அக்கரையில் எவ்வளவு மருந்து குவித்து வைத்திருந்தாலும் போதாது. அவளுக்குத் தேவை இரத்தமும் சத்திரசிகிச்சைக்கூடமும்.

இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு வாகனம் கடக்க, பின்னால் நடக்க வேண்டிய வேலை நிறைய. வாகன இலக்கம், சாரதியின் பெயர், கூட வருபவர், நோயாளிகளின் எண்ணிக்கை, போகும் பாதை, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே இரு பக்கத்துக்கும் அறிவித்து, இரு பக்கத்தின் ஒப்புதலும் வந்தபின்தான் சக்கரம் நகரும். சொன்ன வீதியை விட்டு விலகக்கூடாது. ஆயுதமோ சீருடையில் எவருமோ உள்ளே இருக்கக்கூடாது. படைப் பாதுகாப்போடு போகக்கூடாது. போனால் அடுத்த முறை மற்றப் பக்கம் நம்பாது. கொடி தூரத்திலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், இருட்டினால் அதன்மேல் வெளிச்சம் விழ வேண்டும்.

இதில் பிசகியது பெரும்பாலும் முதல் கட்டத்தில்தான். கிராமத்திலிருந்து தகவல் நகர அலுவலகத்துக்குப் போய்ச்சேரவே நேரமெடுத்தது. பற்றரியும் எரிபொருளும் கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களாக இருந்த இடத்தில் வானொலிக் கருவியை நம்பியிருக்க முடியாது. விசயம் தெரிந்த அமைப்புகள் இதற்கு இரண்டு ஏற்பாடு செய்தன. முந்திய பிரசவத்தில் வெட்டிப் பிள்ளை எடுத்தவர், இரட்டைப் பிள்ளை உள்ளவர், பிறஷர் ஏறியவர் ஆகிய தாய்மாரைக் குடும்ப நல உத்தியோகத்தர் (அரசாங்க ஊர் மருத்துவிச்சி) மூலம் அடையாளம் கண்டு, நாள் நெருங்கமுன் இரண்டு கிழமைக்கு முதலே எழுவான்கரையில் உறவினர் வீட்டிலோ ஆஸ்பத்திரியிலோ தங்கவைப்பது ஒன்று. வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேற்றின் முதல் டோஸை, அதாவது நாளத்தின் வழியே மெதுவாக 4 கிராமும் இரு புட்டங்களிலும் 5 கிராம் வீதமும், ஏற்றிவிட்டே வாகனத்தில் அனுப்புவது மற்றது. கொடுத்த மருந்தும் நேரமும் துண்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதாமல் அனுப்பினால் போய்ச்சேரும் இடத்தில் இரண்டாம் முறை ஏற்றும் ஆபத்து உண்டு. அந்த மருந்து கூடினால் மூச்சு நின்றுபோகும்.

சிலுவைச் சின்னத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான குறிப்பு. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின் பொது உறுப்புரை 3, காயப்பட்டவரையும் நோயுற்றவரையும் சேகரித்துப் பராமரிக்க வேண்டும் என்கிறது. பக்கச்சார்பற்ற மனிதாபிமான அமைப்பு தன் சேவையை வழங்க முன்வரலாம் என்பதையும் அதே உறுப்புரைதான் சொல்கிறது. இலங்கை இவற்றை 1959 இல் ஏற்றது. உள்நாட்டுச் சட்டம் 2006 இல் வந்தது. ஆயுதத்தைக் கீழே போட்டுக் காயத்தோடு கிடக்கும் எவரும் நோயாளிதான், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும். இந்த நம்பிக்கையின் அடையாளம்தான் அந்தச் சின்னம். தனியார் மருந்தகப் பலகையிலும் முச்சக்கரவண்டியிலும், மருத்துவத்தோடு தொடர்பேயில்லாத அமைப்பின் வாகனத்திலும் அதை வரைந்தவர்கள், உண்மையான அம்புலன்ஸைச் சாவடியில் சந்தேகத்துக்கு ஆளாக்கினார்கள். தெரியாமல் செய்திருக்கலாம். விளைவு ஒன்றுதான்.

அடுத்தது நடமாடும் கிளினிக். பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ மரத்தடியிலோ, கிழமையில் அல்லது மாதத்தில் ஒரு நாள். ஒரு டொக்டர் அல்லது அனுபவமுள்ள தாதி, மருந்து கொடுப்பவர், பதிபவர், சாரதி. இவர்களோடு அந்தப் பிரிவின் குடும்ப நல உத்தியோகத்தரும் வந்தால்தான் அது முழுமையான கிளினிக். அவருக்குத்தான் எந்த வீட்டில் யார் கர்ப்பிணி, எந்தப் பிள்ளைக்கு எந்த ஊசி தவறியது என்று தெரியும். அவரைக் கேளாமல் வந்து போன கிளினிக்குகள் ஊரின் நோய்ப் பட்டியலோடு ஒட்டவே இல்லை.

உலகத் தராதரம் ஒரு வைத்தியருக்கு நாளொன்றுக்கு 50 நோயாளிக்கு மேல் வேண்டாம் என்கிறது. இங்கே ஒரு நாளில் 150 பேர் வரிசையில் நிற்பது புதினமல்ல. காலை 9 மணிக்குத் தொடங்கிப் பகல் 2 மணிக்குள் துறைக்குத் திரும்ப வேண்டும் என்றால் 300 நிமிடம், ஆளுக்கு 2 நிமிடம். இரண்டு நிமிடத்தில் பனடோலும் பிரிட்டன் என்ற ஒவ்வாமைக் குளிசையும் விற்றமினும் கொடுக்கலாம், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க முடியாது. இதற்கு மாற்று, வரிசையின் தலைப்பில் ஒரு தாதியை நிறுத்தி முதலில் தெரிவு செய்வது. மூச்சு வாங்கும் பிள்ளை, பால் குடிக்க மறுக்கும் பிள்ளை, கடும் காய்ச்சல், இரத்தம் போகும் கர்ப்பிணி ஆகியோர் உடனே உள்ளே. உடம்பு நோவுக்காரருக்கு அந்த இடத்திலேயே மருந்து. இதை ஒழுங்காகச் செய்த அணிகள் நிமிடங்களைச் சரியான ஆளுக்குச் செலவழித்தன. முஸ்லிம் ஊர்களில் பெண் வைத்தியரும் தனி வரிசையும் இல்லாவிட்டால் பெண்களின் முக்கியமான வருத்தங்கள் வெளியே வரவே வராது. இது காத்தான்குடிக்கும் பொருந்தும், சம்மாந்துறைக்கும் பொருந்தும்.

மருந்துப் பெட்டி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவசரகால சுகாதாரப் பெட்டியின் அடிப்படை அலகு ஒன்று 1,000 பேருக்கு மூன்று மாதம் போதும் என்ற கணக்கில் கட்டப்படுகிறது. வயிற்றோட்டம், சளிச்சுரம், தோல் வருத்தம், காயம் போன்றவற்றுக்கு அது நல்ல பெட்டி. எங்கள் கிராமங்களிலோ வரிசையில் நின்றவர்களில் பிறஷர்காரரும் சீனி வருத்தக்காரரும் தொய்வுக்காரரும் (ஆஸ்துமா) வலிப்புக்காரரும் நிறைய. அவர்களுக்கான குளிசை அந்தப் பெட்டியில் மிகக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் தொற்றாநோய்களுக்கென்று தனிப் பெட்டி உருவாக்கியது எங்கள் யுத்தம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகுதான். பெட்டியை மட்டும் நம்பாமல் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலிருந்து கிளினிக் மருந்தை எடுத்துவந்த அமைப்புகளே இந்த நோயாளிகளைக் காப்பாற்றின.

அதிலும் நாள் கணக்கு பிழைத்தது. மாதம் ஒருமுறை வரும் கிளினிக் 14 நாள் குளிசை கொடுத்தால் மிச்ச இரண்டு கிழமைக்கு என்ன செய்வது? பிறஷர் குளிசை விட்டுவிட்டுப் போட்டால் பக்கவாதம் வரும் வாய்ப்புக் கூடும். வலிப்புக்குப் பினோபாபிற்றோன் எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து சாகவும் கூடும். வருகைக்கு இடைப்பட்ட நாட்களோடு மேலதிகமாக 14 நாள் சேர்த்துக் கொடுப்பதே சரி. வீதி மூடப்படும் என்பதைக் கணக்கில் எடுத்தே எண்ண வேண்டும். ஒரே வீட்டில் கூடுதல் குளிசை இருந்தால் அது வேறு கைக்குப் போகும் என்ற பாதுகாப்புக் காரணம் சொல்லப்பட்டது. அதனால் வெட்டப்பட்டது நோயாளியின் மருந்துதான்.

பாம்புக்கடிக்கான விசமுறி மருந்தை நடமாடும் கிளினிக்கில் கொண்டுபோக வேண்டும் என்று வயல் கிராமங்கள் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனாலும் அதைக் கொடுக்காதது சரியான முடிவு. புடையன் கடிக்கு 10 முதல் 20 குப்பி வரை ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றும்போது கடும் ஒவ்வாமை வருவது அடிக்கடி நடக்கிறது. பக்கத்தில் அட்ரினலினும் ஒட்சிசனும், மணிக்கணக்கில் பார்த்திருக்க ஆளும் வேண்டும். அங்கே செய்யக்கூடியது கடித்த காலை அசையாமல் கட்டி, இறுக்கிக் கயிறு போடாமல், வெட்டாமல், உடனே ஏற்றி அனுப்புவது. மறுபடியும் வழியிடம்தான் வருகிறோம்.

தடுப்பூசியில் புகழ் முதலில் போக வேண்டியது அரசாங்கக் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும். வெளி அமைப்புகள் உதவியது மருந்தைக் குளிர் குறையாமல் கொண்டுசேர்க்கும் குளிர்ச் சங்கிலியிலும் அனுமதி எடுப்பதிலும். 1995 முதல் நடந்த போலியோ தேசிய தடுப்பு மருந்து நாட்களில் யுனிசெப் இடையில் நின்று சண்டையை நிறுத்தவைத்து, இரு பக்கப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து போகச் செய்தது. குளிர்ப்பெட்டிக்குள் 2 முதல் 8 பாகை வரை இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். குறைந்தாலும் பிழை என்பதுதான் மறந்துபோவது. உறைந்த ஐஸ் பொதியை அப்படியே வைத்தால் முக்கூட்டு ஊசி மருந்து உறைந்து கெட்டுவிடும். பொதியை வெளியே வைத்து, குலுக்கும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டபின்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

யுத்தக் காயங்களுக்கான சத்திரசிகிச்சையில் ஐ.சி.ஆர்.சி. உலகமெங்கும் கற்பிக்கும் முறை எளிமையானது, கடைப்பிடிப்பதுதான் கடினம். செல்துண்டு பாய்ந்த காயத்தில் மண்ணும் துணியும் செத்த தசையும் இருக்கும். செத்ததை வெட்டி அகற்றி, நன்றாகக் கழுவி, தைக்காமல் திறந்தே விட்டு, பஞ்சும் துணியும் வைத்துக் கட்டிவிட வேண்டும். ஏற்பூசியும் (டெற்றனஸ் தடுப்பூசி) பெனிசிலினும் கொடுக்க வேண்டும். பிறகு நாலாம் ஐந்தாம் நாளில் சத்திரசிகிச்சைக்கூடத்தில்தான் கட்டை அவிழ்ப்பது. காயம் சுத்தமாக இருந்தால் அன்று தைப்பது. இடையில் கடும் காய்ச்சலோ நாற்றமோ இருந்தாலொழிய அவிழ்க்கக்கூடாது. நோயாளர் விடுதியில் தினமும் கட்டை மாற்றுவது கவனிப்புப் போலத் தெரியும். உண்மையில் அதுதான் கிருமியை ஏற்றுகிறது. முதல் நாளே அழகாகத் தைத்து அனுப்பினால், மூன்றாம் நாள் உள்ளே சீழ் கட்டி, வாயு அழுகல் வந்து, கால் போய்விடும். இரண்டு கிழமைக்கு வந்து திரும்பும் தன்னார்வ வைத்தியர் தான் தைத்த காயம் என்னவாயிற்று என்று பார்க்கமாட்டார். ஆறு மாதமாவது நின்று வேலைசெய்த அணிகளின் பலன் வேறாகவே இருந்தது. தங்கள் நாட்டுக் கருவிகளைக் கொண்டுவராமல், ஆஸ்பத்திரியில் இருந்த கருவிகளோடு உள்ளூர்த் தாதியருக்கும் பழக்கிக் கொடுத்தவர்கள்தான் மதிப்புக்குரியவர்கள்.

2007 மார்ச்சில் படுவான்கரையிலிருந்து சனம் இடம்பெயர்ந்து, மாவட்டத்தில் அகதிகளின் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியது. அதற்கு முன் மாவட்டத்தின் வடக்கே வாகரையிலிருந்து வந்தவர்கள் வேறு. முகாமில் வைத்தியம் என்பது முக்கால்வாசி தண்ணீரும் மலசலகூடமும்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், ஒரு குழாய்க்கு 250 பேர், குழாயில் பிடிக்கும் தண்ணீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் என்பது ஸ்பியர் எனப்படும் மனிதாபிமான உதவிக்கான உலகத் தராதரம். தண்ணீர் கொண்டுவரும் பவுசரில் குளோரின் போட்டுவிட்டுக் கணக்கை முடிப்பது அங்கே வழமையான பிழை. தாங்கியில் நின்று, வாளியில் ஊற்றி, குடிலுக்குள் போகும்போது குளோரின் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் கரையோரத்துக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மணல் நிலம், தண்ணீர் மட்டம் மேலேயே இருக்கிறது. மார்கழி மழைக்கு இன்னும் ஏறும். குழிக்கும் கிணற்றுக்கும் 30 மீற்றர் இடைவெளி, குழியின் அடி தண்ணீர் மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலே என்ற விதியை வேறு நாட்டில் படித்துவிட்டு வந்து இங்கே குழி வெட்டினால், மழைக்குக் குழி நிரம்பி வழியும். மண்ணை உயர்த்தி மேடை போட்டுக் கட்டி, மலக்கழிவை அள்ளும் பவுசருக்கும் பிரதேச சபையோடு முன்கூட்டியே ஒழுங்கு செய்தவர்களின் முகாமில் வயிற்றோட்டம் கட்டுக்குள் நின்றது. 2004 சுனாமிக்குப் பிறகும் இதே மணலைப் புரியாமல் ஒரு பிழை நடந்தது. உப்புக் கிணறுகளைச் சுத்தமாக்குகிறோம் என்று பம்பு வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்ததில், அடியில் கிடந்த உப்புநீர் மேலேறிவிட்டது. மழைக்கு விட்டிருந்தால் தானாகவே நல்லதாகியிருக்கும்.

வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனி என்ற உப்புச் சீனிக் கரைசல் பக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பக்கற்றைக் கோப்பை நீரில் போடும் வழக்கத்தை மாற்ற, துண்டுப்பிரசுரத்தைவிட ஒரு லீற்றர்ப் போத்தலைக் கையில் கொடுத்தது உதவியது. நன்கொடைப் பால்மாவை முகாமில் எல்லாருக்கும் பகிர்ந்தது பெரிய தவறு. சுத்தத் தண்ணீர் இல்லாத இடத்தில் அது தாய்ப்பாலை நிறுத்தி வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும். காலாவதி நெருங்கிய, எங்களுக்குத் தெரியாத மொழியில் பெயரெழுதிய மருந்துகளும் அப்படித்தான். வந்துசேரும்போது ஒரு வருடமாவது பாவனைக்காலம் இருக்க வேண்டும் என்ற விதி உலக சுகாதார நிறுவனத்தினுடையது. இல்லாவிட்டால் பிரிக்கவும் எரிக்கவும் ஆஸ்பத்திரி ஆட்களின் நேரம்தான் போகும்.

அம்பாறைக்குப் போன வெளி அமைப்புகள் அறியாமல் விழுந்த குழி ஒன்று உண்டு. மாவட்டம் ஒன்று, சுகாதாரப் பிராந்தியம் இரண்டு: அம்பாறை, கல்முனை. கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் கல்முனைப் பிராந்தியத்துக்குள் வருகின்றன. அம்பாறை நகரத்தில் மட்டும் பேசி அனுமதி எடுத்தவர்களின் திட்டம் திருக்கோவிலுக்கும் அக்கரைப்பற்றுக்கும் பிந்தியே வந்தது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குள் கால்வைக்கத் தமிழரும் முஸ்லிம்களும் அஞ்சிய நாட்களும் இருந்தன. வரைபடத்தில் மூன்று கிலோமீற்றரில் இருக்கும் ஆஸ்பத்திரி அந்த நாட்களில் நோயாளிக்கு மிகத் தூரம். இதை விளங்கிக்கொண்டு இரு சமூகத்துச் சாரதியையும் தாதியையும் ஒரே அணியில் வைத்த அமைப்புகள் செய்தது எந்த மருந்தாலும் செய்ய முடியாத வேலை.

இந்தச் சேவையின் உண்மையான விலையைக் கொடுத்தவர்கள் உள்ளூர் ஊழியர்கள். 2006 ஆகஸ்டில் திருகோணமலை மாவட்டத்து மூதூரில், பட்டினிக்கு எதிரான செயற்பாடு என்ற பிரெஞ்சு அமைப்பின் ஊழியர் 17 பேர் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அவர்கள் எல்லாரும் இந்த நாட்டவர், 16 தமிழரும் ஒரு முஸ்லிமும். தண்ணீரும் சுகாதாரமும் கொடுக்கப் போனவர்கள். வெளிநாட்டு ஊழியரை விலக்கிக்கொள்ளும்போது உள்ளூர் ஊழியரை எங்கே விடுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திராத அமைப்பை, எவ்வளவு நல்ல மருந்து கொண்டுவந்தாலும், நல்ல அமைப்பு என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது.

சம்பளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியின் தாதியையும் ஆய்வுகூட ஆளையும் கூடிய சம்பளத்தில் இழுத்துக்கொண்ட திட்டம், ஓரிடத்தில் கிளினிக்கைத் திறந்து மற்றோரிடத்தில் விடுதியை மூடியது.

உளநலத்தில் மட்டக்களப்பு மற்ற மாவட்டங்களுக்கு முன்மாதிரி. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவோடு சமூக மட்ட ஊழியர்கள் இணைந்து வேலைசெய்தார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதும், மருந்து தேவைப்படுபவரைக் கிளினிக்குக்குக் கூட்டி வருவதும், தொழிலுக்கும் பள்ளிக்கும் திரும்ப வழிசெய்வதும் பலன் தந்தன. ஒரேயொரு நாள் வந்து நடந்ததை எல்லாம் சொல்லவைத்துவிட்டுப் போகும் முறை கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இங்கும் சில அமைப்புகள் அதைச் செய்தன. அழவைத்துவிட்டுப் போனபின் ஆற்ற ஆள் இல்லை.

செயற்கைக் கால் கொடுக்கும் திட்டத்தைக் கொடுத்த கால்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கக்கூடாது. வளர்ந்தவருக்கு 3 முதல் 5 வருடத்திலும், வளரும் பிள்ளைக்கு 6 முதல் 12 மாதத்திலும் புதியது வேண்டும். வயல் சேற்றிலும் வெறுங்காலோடும் குந்தியிருந்தும் வாழ்பவருக்கு, தண்ணீர் உறிஞ்சாத பொலிபுரொப்பிலீனும் ஜெய்ப்பூர்ப் பாதமும் பொருந்தின. சப்பாத்துக்கென்று செய்த விலையுயர்ந்த பாதங்கள் வீட்டு மூலையில் கிடந்தன. மட்டக்களப்பு 2017 இல் கண்ணிவெடி அகற்றப்பட்ட மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் காலிழந்த பதினைந்து வயதுப் பிள்ளை எழுபது வயது வரை வாழ்ந்தால், இன்னும் பத்துக்கு மேற்பட்ட கால்கள் தேவை. நன்கொடையாளர் கணக்கில் இருப்பது முதலாவது மட்டும்.

கிழக்கில் சண்டை 2007 இல் ஓய்ந்தது, அலுவலகங்கள் அடுத்த சில வருடங்களில் மூடப்பட்டன. விட்டுப்போன ஜெனரேற்றருக்கு எரிபொருளுக்கான ஒதுக்கீடு இல்லை, கருவிக்கு உதிரிப்பாகம் இல்லை. பதிவேடுகளையும் பலர் தங்களோடே கொண்டுபோய்விட்டார்கள். யாருக்கு எந்த ஒவ்வாமை, எந்த வலிப்பு மருந்து எந்த அளவில் பிடித்தது என்பது ஆஸ்பத்திரியில் இல்லை. சில அமைப்புகள் மட்டும் தொடக்கத்திலிருந்தே தங்கள் அட்டையை விட்டு, அரசாங்கக் கிளினிக் கொப்பியிலேயே எழுதி, கொப்பியை நோயாளியின் கையில் கொடுத்தன. இடப்பெயர்வில் பலரும் அதைப் பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டையோடு வைத்துக் காத்தார்கள். சாவடி தாண்டி எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அங்கிருந்த வைத்தியர் அதே பக்கத்தின் அடுத்த வரியில் எழுத முடிந்தது.